தோட்டத்து மண்ணும் சேம்பர் மூடியும்

மழைக்காலம் நெருங்கும்போது நம் ஊர்களில் ஒரு காட்சியைக் காணலாம். லாரி நிறையச் செம்மண் வந்து வீட்டு வாசலில் இறங்கும். காரணம் வேறொன்றுமில்லை. சாலையைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் பழைய தாரின் மேலேயே புதிய தாரைப் போட்டதால் சாலை உயர்ந்துவிட்டது, தோட்டம் பள்ளமாகிவிட்டது. பழைய தளத்தைச் சுரண்டி எடுத்த பின்னரே புதுத் தளம் போட வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021-இல் அறிவுறுத்தியது. ஆனால், அதற்கு முன் உயர்ந்த சாலைகள் உயர்ந்தவைதாமே! எனவே வீட்டுக்காரர் தோட்டத்தை மேடாக்குகிறார்.

மண்ணை நிரவியாயிற்று, செம்பருத்தியும் நட்டாயிற்று. சில மாதங்கள் கழித்து ஒரு நாள் கழிவுநீர் போகாமல் தேங்குகிறது. அடைப்பு எடுக்க வந்தவர் கேட்கும் முதல் கேள்வி, "சேம்பர் எங்கே, ஐயா?" என்பதுதான். அது செம்பருத்திக்கு அடியில் எங்கோ இருக்கிறது!

சேம்பர் என்று கொத்தனார்கள் சொல்லும் இந்தச் சிறு தொட்டியை மண்ணுக்குள் புதைக்கலாமா? உயர்த்தலாமா? உயர்த்தினால் எவ்வளவு உயர்த்தலாம்? இக்கேள்விகளுக்கு விடை, நீங்கள் பள்ளியில் படித்த 'நீர் தன் மட்டத்தை அடையும்' என்ற ஒரே விதியில் அடங்கியிருக்கிறது. அதைக் காண்போம்.

சேம்பர் எதற்கு?

குடிநீரைக் குழாயில் அழுத்தம் தள்ளுகிறது. வீட்டுக் கழிவுநீரைத் தள்ளுவதற்கு எதுவும் இல்லை. புவியீர்ப்பு ஒன்றே அதை இழுத்துச் செல்கிறது. ஆகவே குழாய் சரிவாக இருக்க வேண்டும். 4 அங்குலக் குழாய்க்கு 40 அடிக்கு 1 அடி, 6 அங்குலக் குழாய்க்கு 60 அடிக்கு 1 அடி என்பது கட்டடக்காரர்கள் நெடுநாளாகக் கைக்கொள்ளும் கணக்கு. இந்தச் சரிவில் நீர் தன்னுடன் கசடையும் அடித்துச் செல்லும்.

எவ்வளவு சரியாகப் பதித்தாலும் குழாய் என்றாவது ஒரு நாள் அடைபடும். அடைப்பு பெரும்பாலும் குழாய் திரும்பும் இடத்திலும், இரு குழாய்கள் சேரும் இடத்திலும்தான் ஏற்படுகிறது. அங்கெல்லாம் சேம்பர் கட்டுகிறோம். அதன் அடியில் பாதிக் குழாய் போன்ற வாய்க்கால் இருக்கும். மூடியைத் திறந்து, மூங்கில் பிளாச்சையோ இயந்திரத்தின் குழாயையோ செலுத்தி அடைப்பை நீக்கலாம். இது புதிய ஏற்பாடன்று. ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முன் மொகஞ்சதாரோவில் வாழ்ந்தோர், தெருச் சாக்கடைகளை எடுக்கக்கூடிய கற்களாலும் செங்கற்களாலும் மூடியிருந்தனர். மூடியைத் திறக்க முடியாவிட்டால் சாக்கடை நெடுநாள் உழைக்காது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

புதைத்தால் என்ன?

60 செ.மீ. நீளமும் 60 செ.மீ. அகலமும் உள்ள மூடியின் மேல் 40 செ.மீ. உயரத்துக்கு மண் கொட்டுவதாகக் கொள்வோம். மண்ணின் பருமன் 0.144 கன மீட்டர். ஈர மண் ஒரு கன மீட்டர் சுமார் 1,800 கிலோ எடையிருக்கும். எனவே மூடியின் மேல் ஏறும் சுமை ஏறக்குறைய 260 கிலோ! நால்வர் இரவும் பகலும் அதன்மேல் நிற்பதற்கு ஒப்பானது இது. விரிசல் கண்ட பழைய சிமென்ட் மூடி இதைத் தாங்குமா? ஒரு நாள் அது உடைந்தால் மண் முழுவதும் குழாய்க்குள் போகும். மேலே நிற்பவரும் உள்ளே விழக்கூடும்.

சரி, சேம்பரை உயர்த்துவோம் என்கிறீர்கள். நல்லது. ஆனால் அதற்குமுன் ஒரு கணக்குப் போட வேண்டும். பலரும் தவறுவது இங்கேதான்.

கழிவுநீர் எங்கே வெளிவரும்?

வீட்டுக் குளியலறைத் தரையில் உள்ள துளை, தோட்டத்துச் சேம்பர், தெருவிலுள்ள பெரிய தொட்டி ஆகிய மூன்றும் ஒரே குழாயால் இணைந்துள்ளன. அதாவது, இவை ஆய்வுக்கூடத்தில் நீங்கள் கண்ட இணைப்புக் கலங்களே. ஓரிடத்தில் அடைப்பு ஏற்பட்டால், அதற்கு முன்னுள்ள வாய்கள் எல்லாவற்றிலும் நீர் ஒரே மட்டத்தில் ஏறும். எந்த வாய் தாழ்ந்திருக்கிறதோ அதன் வழியாக வெளியேறும்.

புறக்கடையில் குளியலறை உள்ள ஒரு பழைய வீட்டை எடுத்துக்கொள்வோம். அதன் தரையைவிடத் தோட்டம் 35 செ.மீ. தாழ்ந்திருந்தது. சேம்பர் மூடியும் தோட்டத்து மட்டத்திலேயே இருந்தது. சேம்பருக்கும் தெருவுக்கும் இடையே அடைப்பு ஏற்பட்டால் என்ன ஆகும்? மாடியில் இருப்பவர் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினாலும் அது தோட்டத்துச் சேம்பரின் விளிம்பில் வழியும். நாற்றம்தான், ஆயினும் வீடு தப்பியது.

இப்போது தோட்டத்தையும் சேம்பரையும் 40 செ.மீ. உயர்த்திவிட்டார்கள். மூடி குளியலறைத் தரையைவிட 5 செ.மீ. மேலே போய்விட்டது. மீண்டும் அதே அடைப்பு வந்தால்? நீர் சேம்பரின் விளிம்பை எட்டுமுன் குளியலறைத் துளையை எட்டிவிடும். மாடி வீட்டுக் கழிவுநீர் கீழ் வீட்டுக் குளியலறையில் பொங்கும்! குழாயில் ஒரு மாற்றமும் இல்லை. மூடியின் மட்டம் மாறியது, அவ்வளவே.

சிலர் சேம்பர் வழியும்போது மூடியின் மேல் பெரிய கல்லைத் தூக்கி வைப்பார்கள். இதுவும் அதே தவறு. ஒரு வாயை அடைத்தால் நீர் அடுத்த வாயைத் தேடும். அந்த அடுத்த வாய் உங்கள் வீட்டுக்குள் இருக்கிறது.

ஆகவே விதி இது: சேம்பரின் மூடி, வீட்டின் மிகத் தாழ்ந்த தரைத் துளையைவிடத் தாழ்வாகவே இருக்க வேண்டும். 15 செ.மீ. இடைவெளி இருந்தால் நல்லது. நம் எடுத்துக்காட்டில் தோட்டத்தை 20 செ.மீ. உயர்த்தலாம், 40 செ.மீ. கூடாது.

தெருத் தொட்டியே அடைபட்டால் கதை வேறு. அப்போது தெரு மூடியின் மட்டம் வரை நீர் ஏறும். உயர்ந்துவிட்ட சாலையைவிட உங்கள் குளியலறை தாழ்ந்திருந்தால், ஊர்க் கழிவுநீர் வீட்டுக்குள் வரும். இத்தகைய வீடுகளுக்குக் குளியலறைத் தரையை உயர்த்துவதோ, நீரை ஒரு பக்கமாக மட்டும் விடும் வால்வு பொருத்துவதோதான் வழி. வால்வு மூடியிருக்கும் நேரத்தில் நாமும் தண்ணீரைச் செலவிடக் கூடாது என்பதை மறக்க வேண்டாம்.

அளப்பது எப்படி?

ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயில் காற்றுக் குமிழி இல்லாமல் நீர் நிரப்புங்கள். ஒரு முனையைக் குளியலறையிலும் மறு முனையைச் சேம்பர் அருகிலும் பிடியுங்கள். இரு முனைகளிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அங்கிருந்து தரை வரை இரு இடங்களிலும் அளந்து கழித்தால் மட்ட வேறுபாடு கிடைத்துவிடும். கொத்தனாரின் டியூப் லெவல் இதுதான். வீட்டில் ஆபத்தை விளைவிக்கும் அதே விதி, ஆபத்தை முன்கூட்டியே அளக்கவும் உதவுகிறது பாருங்கள்!

உயர்த்தும் முறை

மூடியையும் அதன் சட்டத்தையும் எடுத்துவிட்டு, சேம்பரின் அடியில் சாக்கை விரியுங்கள். உடைசல் குழாய்க்குள் விழுந்தால் அடைப்புக்கு நாமே வித்திட்டவர்கள் ஆவோம். பழைய சுவரின் உச்சியைச் சுத்தம் செய்து, நனைத்து, செங்கல் வரிசைகளைச் சிமென்ட் கலவையில் கட்ட வேண்டும். இரு வரிசை வைத்தால் ஏறத்தாழ 17 செ.மீ. உயரும். உட்புறம் பூச்சு அவசியம். உயர உயர வாயைக் குறுக்கிவிடாதீர்கள். மூடி, மண்ணைவிட 2 அல்லது 3 செ.மீ. மேலே தெரியட்டும், மழைநீர் உள்ளே புகாது. வேலை முடிந்ததும் சாக்கை எடுக்க மறவாதீர்கள்.

மண்ணை 15 செ.மீ. அடுக்குகளாகப் போட்டு, நீர் தெளித்துத் திமிசு போடுங்கள். கார் நிற்கும் இடமானால் அதற்கேற்ற மூடி தேவை, 2.5 டன், 10 டன், 20 டன் எனத் தாங்கும் சுமையைக் கொண்டு மூடிகள் வகைப்படுத்தப்பட்டுள்ளன. பக்கத்தில் மரம் வேண்டாம். ஈரம் நாடும் வேர் குழாய் இணைப்புக்குள் நுழைந்துவிடும். மூடியை மறைக்கத்தான் வேண்டுமென்றால், ஒருவர் தூக்கக்கூடிய பூந்தொட்டி ஒன்றை வையுங்கள்.

ஓர் உயிர்

கடைசியாக, எல்லாவற்றினும் முக்கியமான ஒன்று. சேம்பரை உயர்த்தும்போது அதன் ஆழம் கூடுகிறது. ஆழம் கூடினால், மேலிருந்து எட்டாததை ஒருவரை இறக்கி எடுக்கச் சொல்லும் எண்ணம் வருகிறது. அது கொலைக்கு ஒப்பானது. கழிவு அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு வாயு உண்டாகிறது. அதன் மூலக்கூறு எடை 34. காற்றின் சராசரி 29. எனவே அது பள்ளத்தில் தங்கும். சிறிதளவில் அழுகிய முட்டை நாற்றம் வீசும். அளவு மிகுந்தால் மோப்ப உணர்வையே மரத்துப்போகச் செய்யும். நாற்றம் நின்றது என்று எண்ணும் நேரமே மிகப் பெரிய ஆபத்து நேரமாக இருக்கலாம். கூடவே மீத்தேனும் இருக்கும். ஆகவே திறந்த மூடியருகில் தீக்குச்சி கிழிக்காதீர்கள்.

பாதாளச் சாக்கடையிலும் கழிவுத் தொட்டியிலும் பாதுகாப்பின்றி மனிதரை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியுள்ளது. இத்தகைய மரணங்களுக்குக் குறைந்தது 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டுமென 2023-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால், போன உயிருக்கு ஈடு ஏது?

மூடி கண்ணுக்குத் தெரிந்து, வாய் அகலமாக இருந்தால், இயந்திரத்தின் குழாய் மேலிருந்தே வேலையை முடித்துவிடும். மண் கொட்டும் நாளில் நாம் கட்டும் இரண்டு வரிசைச் செங்கல், முகமறியாத ஒருவர் அந்தக் குழிக்குள் இறங்காமல் இருக்க உதவும். செம்மண் லாரி வருமுன் டியூப் லெவலை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போங்கள்!