பால்பற்களும் பற்சொத்தையும்

உடலுறுப்புக்களுள் பல் மிகச் சிறியது. ஆயினும், அது நோவுற்றால் உண்ணுதல், உறங்குதல், பேசுதல் ஆகிய மூன்றும் கெடும். பள்ளிப் பருவத்தை எய்தாத குழந்தைகட்குத் தம் நோயை எடுத்துரைக்கவும் தெரியாது. ஆதலின், அவர்தம் பற்களைக் காப்பது மூத்தோர் கடமையாகும்.

குழந்தைக்கு ஏறக்குறைய ஆறாம் திங்களில் முதற் பல் முளைக்கும். மூன்று வயதளவில் 20 பால்பற்களும் நிரம்பும். பல்லின்மேல் போர்வைபோல் அமைந்துள்ள எனாமல், உடலிலுள்ள பொருள்கள் யாவற்றினும் கடினமானது. எனினும், பால்பற்களின் எனாமல் நிலைப்பற்களின் எனாமலைவிட மெல்லியது. அதனால் சொத்தை இவற்றில் விரைந்து பரவும்.

பல்லைப் புழு அரிக்கிறது என்று முன்னோர் நம்பினர். இன்றும் நாம் ‘பூச்சிப்பல்’ என்று வழங்குகிறோம். உண்மையில் அங்குப் புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. பெர்லின் நகரில் ஆராய்ச்சி செய்த மில்லர் என்னும் அமெரிக்க அறிஞர், 1890ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதன் காரணத்தை விளக்கினார். வாயில் வாழும் நுண்ணுயிர்கள் பல்லில் ஒட்டிய இனிப்பையும் மாவுப் பொருளையும் அமிலமாக மாற்றுகின்றன. அவ்வமிலம் எனாமலிலுள்ள சுண்ணச் சத்தைக் கரைக்கிறது. முதலில் வெண்புள்ளி தோன்றும். பின்னர் அது பழுப்பு நிறமுற்றுக் குழியாகும். குழி ஆழ்ந்து நரம்பை நெருங்கும்பொழுது வலி மிகும்.

இயற்கை இதற்கு மாற்றும் வைத்துள்ளது. உமிழ்நீர் அமிலத்தைத் தணித்து, இழந்த சத்தை மெல்ல மீட்டுத் தருகிறது. அதற்கு இடைவெளி வேண்டும். வள்ளூர், அத்திப்பட்டு, எண்ணூர் போன்ற தொழிற்பகுதிகளில் பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்லும் வீடுகள் பல. அங்கே குழந்தை அழாதிருக்க, தேநீரில் தோய்த்த பிஸ்கட்டும் மிட்டாயும் கொடுப்பதுண்டு. அன்பினால் தரும் அவ்வினிப்பே, அடிக்கடி தரப்படின், பல்லுக்குப் பகையாகிறது. எவ்வளவு தின்றது என்பதோடு, எத்தனை முறை தின்றது என்பதும் கருதத்தக்கது. சர்க்கரை கலந்த பால்புட்டியை வாயில் வைத்தபடி உறங்கவிடுதல் இன்னும் தீயது. உறக்கத்தில் உமிழ்நீர் குறைவாதலின், பால் மேல்வரிசை முன்பற்களைச் சூழ்ந்து நிற்கும். அப்பற்களே பெரும்பாலும் முதலில் அழியும்.

‘விழப்போகும் பல்தானே’ எனச் சிலர் கருதுவர். அது தவறு. பால்பற்கள் நிலைப்பற்களுக்கு இடம் காத்து நிற்கும் காவலர்கள். கடைவாய்ப் பால்பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை நிலைத்து உணவை அரைக்க வேண்டியவை.

காக்கும் வழி எளிதே. முதற் பல் முளைத்த நாள்தொட்டு அதனைத் துலக்குதல் வேண்டும். ஃபுளோரைடு கலந்த பற்பசை, மூன்று வயதுவரை ஓர் அரிசியளவும், பின்னர் ஆறு வயதுவரை ஒரு பட்டாணியளவும் போதும். இரவில் பல் துலக்கியபின் நீரன்றி வேறெதுவும் தரலாகாது. குழி தோன்றின், வலிக்குக் காத்திராமல் மருத்துவரை நாடுக. சென்னையில் 1953ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அரசு பல் மருத்துவக் கல்லூரியில் இதற்கெனச் சிகிச்சை உண்டு.

மாணவர்களே! தம்பி தங்கையரை அங்கன்வாடிக்கு அழைத்துச் செல்வோர் உங்களுள் பலர். இன்று அவர்களின் மேலுதட்டை மெல்ல உயர்த்திப் பாருங்கள். ஈறையொட்டி வெண்கோடு தெரிந்தால் பெற்றோரிடம் கூறுங்கள். அந்நிலையில் பல்லை மீட்க இயலும். குழியான பின் அது தானே வளர்ந்து மூடாது.