குளிரும் பேஸ்மென்ற்: எந்த ஹீற்றர் இலாபம், எது ஆபத்து?

ரொறன்ரோவிலும் சுற்றியுள்ள நகரங்களிலும் கடை நடத்தும் நம்மவர்களில் பலருக்கு வீட்டுப் பேஸ்மென்ற் வெறும் சாமான் அறை அல்ல. கடை பூட்டிய பிறகு கணக்கெழுதும் மேசை அங்கேதான் இருக்கிறது. ஊரிலிருந்து வந்த தாய் தகப்பன் அங்கே உறங்குகிறார்கள், பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். சிலர் வாடகைக்கும் விட்டிருக்கிறார்கள். பலகை அடித்து, வர்ணம் பூசி, காபெற் விரித்து அழகாக முடித்த பேஸ்மென்றும் தை மாதத்தில் காலை விறைக்க வைக்கிறது. உடனே ஒரு ஹீற்றரை வாங்கிச் சொக்கற்றில் செருகிவிடுகிறோம்.

ஒரு மூடை பருப்பு வாங்கும்போது தரம், விலை, இலாபம், நட்டம் என நாலையும் பார்க்கிற நாம் இதிலும் அப்படியே பார்க்க வேண்டும். இங்கே நட்டம் வந்தால் பணத்தோடு போகாது. வீட்டையும் உயிரையும் சேர்த்தே கொண்டுபோகும்.

குளிர் ஏன் வருகிறது?

முதற் காரணம், சூடான காற்று மேலே போகும் இயல்புடையது. பெரும்பாலான வீடுகளில் பேஸ்மென்றுக்கான காற்றுத் துவாரங்கள் கூரையில் இருக்கின்றன. அங்கிருந்து வரும் சூடு கூரையோடு நின்றுவிட, தரை குளிர்ந்தே கிடக்கிறது. இரண்டாவது, பேர்னஸை இயக்கும் தெர்மோஸ்ராற் மேல்மாடியில் இருக்கிறது. அங்கே சமையல் நடந்தாலோ வெயில் அடித்தாலோ வீடு முழுவதும் சூடு போதும் என்று அது நினைத்துப் பேர்னஸை நிறுத்திவிடும். மூன்றாவது, கொங்கிறீற் சுவர் தடிப்பாக இருந்தாலும் குளிரைத் தடுக்கும் சக்தி அதற்கு மிகக் குறைவு. நான்காவது, அத்திவாரச் சுவரின் மேல் வீட்டின் மரச்சட்டங்கள் வந்து அமரும் இடம். அந்த இடுக்குகளால் வெளிக்காற்று நேராக உள்ளே வரும். பலகை அடித்து மூடியபின் அது கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஹீற்றருக்கு முன் செய்ய வேண்டியவை

ஓட்டைச் சாக்கில் அரிசி கொட்டினால் நிறையாது. ஆகவே முதலில் கசிவை அடையுங்கள். யன்னல் ஓரம், உடுப்பு உலர்த்தும் இயந்திரத்தின் குழாய் வெளியே போகும் இடம், மேற்சொன்ன மரச்சட்ட இடுக்கு ஆகியவற்றைப் பாருங்கள். பேர்னஸ் வடிகட்டியை மாற்றுங்கள். பேஸ்மென்றுக் காற்றுத் துவாரங்களை அலுமாரியோ பெட்டிகளோ மறைத்திருந்தால் நகர்த்துங்கள். பேர்னஸ் விசிறியைத் தொடர்ந்து ஓடவிட்டால் மேல்மாடிச் சூடும் கீழ்மாடிக் குளிரும் ஓரளவு கலக்கும். குளிர்ந்த காற்றைத் திரும்ப இழுக்கும் துவாரம் தரையோடு இல்லாவிட்டால், ஒன்று அமைக்க முடியுமா என்று பேர்னஸ் வேலை செய்பவரைக் கேளுங்கள். பல வீடுகளில் இந்த அளவிலேயே பாதிக் குறை தீர்ந்துவிடும்.

ஒரு சிறிய தெர்மாமீற்றரும் வாங்கி வையுங்கள். தேங்காயெண்ணெய் உறைந்ததைப் பார்த்துக் குளிரை மதிப்பிட வேண்டாம். அது ஏறக்குறைய 24 பாகையிலேயே உறையத் தொடங்கிவிடும்.

எத்தனை வாற் வேண்டும்?

மின்சார ஹீற்றருக்குப் பொதுவான கைக்கணக்கு ஒரு சதுர அடிக்கு 10 வாற். 150 சதுர அடி அறைக்கு 1,500 வாற். பேர்னஸ் ஏற்கனவே கொஞ்சம் சூடு கொடுக்கிற இடத்தில் இதிலும் குறைவாகப் போதும்.

கடைகளில் விசிறி வைத்தது, செராமிக், எண்ணெய் நிரப்பியது, செங்கதிர் என்று பலவகை ஹீற்றர்கள் உண்டு. விலையும் முப்பது டொலரில் தொடங்கிப் பலநூறு டொலர் வரை போகிறது. ஒன்றை நினைவில் வையுங்கள்: 1,500 வாற் ஹீற்றர் எதுவானாலும் மணிக்கு ஏறக்குறைய 5,100 பி.ரி.யூ. வெப்பம்தான் தரும். ஒரு கிலோ சீனியைக் கடதாசிப் பையில் கட்டினாலும் பட்டுப் பையில் கட்டினாலும் ஒரு கிலோதான். மின்கட்டணத்தைப் பாதியாக்கும் ஹீற்றர் என்று விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம்.

வேறுபாடு சூட்டைத் தரும் விதத்தில்தான். அரை மணி நேரம் இருந்து கணக்குப் பார்ப்பவருக்கு விசிறி ஹீற்றர் உடனே சூடு தரும். இரவு முழுவதும் ஓரளவான சூடு வேண்டுமென்றால் எண்ணெய் நிரப்பியது சத்தமின்றி வேலை செய்யும். சுவரோரம் நிரந்தரமாகப் பொருத்தும் பேஸ்போர்ட் ஹீற்றருக்குத் தனி வயர் இழுக்க வேண்டும். பெரும்பாலும் 240 வோல்ற்றில் இயங்கும். அந்தந்த அறைக்குத் தனித் தெர்மோஸ்ராற் வைக்கலாம் என்பது அதன் நன்மை.

எரிவாயுக் கணப்பு இன்னொரு வழி. எரிவாயு வெப்பம் பெரும்பாலும் மின்சாரச் சூட்டைவிட மலிவு. ஆனால் எரிக்க வேண்டிய காற்றை வெளியிலிருந்து எடுத்துப் புகையையும் வெளியே விடும் மூடிய வகையையே தேர்ந்தெடுங்கள்.

கடைசியாக ஹீற் பம்ப். இது வெப்பத்தை உண்டாக்குவதில்லை. வெளிக்காற்றில் உள்ள வெப்பத்தை இழுத்து உள்ளே கொண்டுவருகிறது. அதனால் ஒரு அலகு மின்சாரத்துக்கு இரண்டு, மூன்று அலகு வெப்பம் கிடைக்கும். கடுங்குளிரில் இந்த விகிதம் குறையும். குளிர்நாடுகளுக்கென்று செய்த வகையையே வாங்க வேண்டும். கோடையில் ஈரத்தையும் இழுத்துவிடும்.

வியாபாரக் கணக்கு

உதாரணத்துக்கு, மின்சாரம் அலகுக்கு 15 சதம் என்று வையுங்கள். உங்கள் சரியான விலையை மின்கட்டணச் சீட்டில் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு அறை, 1,500 வாற், நாளுக்கு 8 மணி நேரம்: 12 அலகு, 1.80 டொலர். மாதத்துக்கு 54 டொலர். ஐந்து மாதக் குளிருக்கு 270 டொலர். இதற்கு 4,000 டொலர் கொடுத்து ஹீற் பம்ப் பொருத்தி, செலவு பாதியாகக் குறைந்தாலும் ஆண்டுக்கு 135 டொலர்தான் மிச்சம். முதல் திரும்ப 30 ஆண்டு ஆகும். அது நட்ட வியாபாரம்.

முழுப் பேஸ்மென்ற், 4,000 வாற், 10 மணி நேரம்: 40 அலகு, 6 டொலர். மாதம் 180, குளிர்காலத்துக்கு 900 டொலர். இதே ஹீற் பம்ப் செலவைப் பாதியாக்கினால் ஆண்டுக்கு 450 டொலர் மிச்சம். ஒன்பது ஆண்டுக்குள் முதல் திரும்பும். ஆட்கள் எந்நேரமும் இருக்கும் பேஸ்மென்றுக்கு யோசிக்கலாம்.

நேரப்படி மின்விலை முறையில் உள்ள ஒன்ராறியோ வீடுகளுக்குக் குளிர்காலத்தில் வாரநாட்களில் காலை 7 முதல் 11 வரையும் மாலை 5 முதல் 7 வரையும் உச்ச விலை. இரவு 7 மணிக்குப் பின் குறைந்த விலை. கணக்கெழுதும் வேலையை அதற்குப் பின் வைத்துக்கொள்வது நல்லது.

உயிரோடு விளையாட வேண்டாம்

1,500 வாற் ஹீற்றர் 120 வோல்ற்றில் 12.5 அம்பியர் இழுக்கும். வீட்டுச் சொக்கற்றுகளில் பெரும்பாலானவை 15 அம்பியர் பிரேக்கரில் உள்ளவை. அதே பிரேக்கரில் குளிர்சாதனப் பெட்டியோ இன்னொரு ஹீற்றரோ இருந்தால் அது விழும். விழுகிறதே என்று பெரிய பிரேக்கர் போட்டால் சுவருக்குள் வயர் சூடாகித் தீப்பிடிக்கும். எக்ஸ்ரென்சன் வயரில் ஹீற்றரை ஒருபோதும் செருகாதீர்கள். பிளக்கைத் தொட்டுப் பாருங்கள்; சுட்டால் உடனே கழற்றுங்கள்.

கட்டில், திரை, காகிதப் பெட்டி, சாக்கு எதுவும் ஹீற்றருக்கு ஒரு மீற்றருக்குள் இருக்கக் கூடாது. நம்மவர் வீடுகளில் கடைச் சாமான் பேஸ்மென்றில் குவிந்திருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். சரிந்தால் தானே நிற்கும் வகையாகவும், சீ.எஸ்.ஏ. போன்ற கனடிய அங்கீகார முத்திரை உள்ளதாகவும் பார்த்து வாங்குங்கள்.

மண்ணெண்ணெய் அடுப்பு, வெளியில் பாவிக்கும் புரோப்பேன் ஹீற்றர், கரி அடுப்பு ஆகியவற்றை வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது. அவை விடும் காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குபவர் உறக்கத்திலேயே போய்விடுவார். எரிவாயு வேலையைத் ரி.எஸ்.எஸ்.ஏ. பதிவு பெற்றவரிடமும், புதிய வயர் வேலையை உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரரிடமும் கொடுத்து, மின் பாதுகாப்பு அதிகார சபையின் பரிசோதனைச் சான்றைக் கேட்டு வாங்கி வையுங்கள். தெரிந்த பையன் மலிவாகச் செய்தான் என்பது காப்புறுதிக்காரர் முன் நிற்காது. புகை அலாரமும் காபன் மொனொக்சைட் அலாரமும் படுக்கையறைகளுக்கு அருகே வேலை செய்கிற நிலையில் இருக்க வேண்டும்.

வாடகைக்கு விட்டவர்களுக்கு

ரொறன்ரோ நகர விதிப்படி, வெப்பத்துக்குப் பொறுப்பான வீட்டுக்காரர் குளிர்காலத்தில் குறைந்தது 21 பாகை கொடுக்க வேண்டும். ஒரு சிறு ஹீற்றரைக் கையில் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று இருக்க முடியாது. உங்கள் கூரையின் கீழ் உறங்குபவர் உங்கள் பொறுப்பு.

சுருக்கம் இதுதான். முதலில் கசிவை அடையுங்கள். ஒரு அறைக்குச் சில மணி நேரம் என்றால் சாதாரண ஹீற்றர் போதும். தினமும் பல மணி நேரம் என்றால் பேஸ்போர்ட் அல்லது மூடிய எரிவாயுக் கணப்பு. முழுப் பேஸ்மென்றிலும் ஆட்கள் குடியிருந்தால் ஹீற் பம்புக்கு இரண்டு மூன்று பேரிடம் விலை கேளுங்கள். புரட்டாதி, ஐப்பசியிலேயே விசாரியுங்கள். தை மாதத்தில் குளிரில் நடுங்கிக்கொண்டு போகிறவரிடம் யாரும் விலை குறைக்கமாட்டார்கள் என்பது வியாபாரிகளான நமக்குத் தெரியாததல்ல.