ஆற்றங்கரைப் பாறையில் ஏறுதலும் இறங்குதலும்

பாறை ஏறுதல் என்றவுடன் கயிறும் கொக்கியும் தலைக்கவசமும் நம் கண்முன் தோன்றுகின்றன. ஆனால் நம்மில் பெரும்பாலோர் ஏறும் பாறை அத்தகையதன்று. விடுமுறை நாளில் குடும்பத்தோடு ஆற்றுக்குச் செல்கிறோம். பாயை விரித்துச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கும் முன்பே பிள்ளைகள் கரையோரப் பாறையின் உச்சியில் நிற்கின்றனர். கயிறு இல்லை, கையும் காலுமே துணை. இங்கிலாந்து போன்ற நாடுகளில் இதனை நடைக்கும் மலையேற்றத்துக்கும் இடைப்பட்ட ஒரு கலையாகக் கருதி, 1 முதல் 3 வரை தரம் பிரித்துள்ளனர். முதல் தரத்திற்குப் பொதுவாகக் கயிறு வேண்டுவதில்லை. நாம் இங்குப் பேசுவது அத்தகைய எளிய பாறையைப் பற்றியே. அதில் ஏறுவது எளிது, இறங்குவதே கடினம்.

முதலில் கல்லை அறிந்துகொள்வோம். தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குச் செல்லும் பழைய சாலையோரம் லாத்தா இஸ்கந்தார் அருவி உள்ளது. அங்கே நாம் காண்பது கருங்கல். தித்திவங்சா மலைத்தொடரின் பெரும்பகுதி இக்கல்லால் ஆனது. ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, பூமியின் ஆழத்தில் உருகிக் கிடந்த குழம்பு மெல்ல ஆறி இறுகியதால் இஃது உண்டாயிற்று. மெல்ல ஆறியமையால் அதன் மணிகள் பெரிதாக வளர்ந்தன. உடைந்த துண்டு ஒன்றை வெயிலில் பிடித்துப் பார்த்தால், கண்ணாடி போன்ற படிகக்கல், பால்நிறமான ஃபெல்ஸ்பார், மினுங்கும் அப்பிரகம் ஆகியவற்றைத் தனித்தனியே காணலாம். கிந்தா பள்ளத்தாக்கை உலகறியச் செய்த வெள்ளீயமும் இக்கருங்கல்லோடு தோன்றியதே.

இம்மணிகளின் சொரசொரப்பே நம் காலைப் பிடித்து நிறுத்துகின்றது. ஆனால் நீர் ஓடும் மட்டத்தில் மணலும் கூழாங்கல்லும் நெடுங்காலம் தேய்த்து அதே கல்லை வழவழப்பாக்கிவிடுகின்றன. அதன்மேல் பாசியும் படிகின்றது. ஆகவே ஒரு பாறையிலேயே இருவகைப் பாறைகள் உள்ளன எனலாம். வெளிர்சாம்பல் நிறமாய் உலர்ந்திருப்பது காலைப் பிடிக்கும். கறுத்தோ பச்சையாகவோ மினுங்குவது வழுக்கும். பால்வெட்டுக்கு அணியும் கறுப்பு ரப்பர்ச் சப்பாத்தை ‘அடிடாஸ் கம்போங்’ என்று வேடிக்கையாக அழைப்பர். அது சேற்றிலும் காட்டுப் பாதையிலும் மிக நல்லது. எனினும் பாசியின்மேல் அதுவும் வழுக்கும். ரப்பர்ச் சிலிப்பரைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

ஏறும்போது இரு கை, இரு கால் ஆகிய நான்கில் மூன்று எப்போதும் பாறையில் ஊன்றியிருக்க வேண்டும். ஒன்றை மட்டுமே நகர்த்த வேண்டும். பிடிக்கும் கல்லை முதலில் தட்டிப் பார்க்க வேண்டும். வெற்றொலி எழுந்தாலோ, கல் அசைந்தாலோ அதை விட்டுவிட வேண்டும். அஞ்சியவர் பாறையைக் கட்டி அணைத்துக்கொள்வது இயல்பு. ஆனால் சரிந்த பாறையில் அதுவே ஆபத்து. உடல் பாறையோடு சாய்ந்தால் பாதங்கள் வெளிப்புறமாகத் தள்ளப்படும். நிமிர்ந்து நின்றால் உடலின் எடை நேராகப் பாதத்தில் இறங்கிப் பாறையை அழுத்தும். அவ்வழுத்தமே உராய்வைத் தரும்.

இனி இறங்குதல். ஏறும்போது கைப்பிடிகள் கண்ணுக்கு அருகில் உள்ளன. இறங்கும்போது கால் வைக்க வேண்டிய இடம் கண்ணுக்குத் தொலைவில், நம் உடலாலேயே மறைக்கப்பட்டுக் கிடக்கிறது. மேலும், எடை முழுவதும் ஆராயப்படாத ஒரு படியின்மேல் இறங்குகிறது. மேட்டு நிரைகளில் பால் வாளியைச் சுமந்து இறங்கிப் பழகிய பெரியவர்களுக்கு இது நன்கு தெரியும். பூனை கூட மரத்தில் ஏறிவிட்டு இறங்கத் தெரியாமல் கத்துவதை நாம் கண்டிருக்கிறோம் அல்லவா? ஆதலால் இரண்டடி ஏறியவுடன் அதே வழியில் இறங்கிப் பார்க்க வேண்டும். இறங்க முடிந்தால் மேலும் ஏறலாம். செங்குத்தான இடத்தில் பாறையை நோக்கியவாறே இறங்க வேண்டும். சிறுவர் இறங்கும்போது சற்றுக் கீழே, கைக்கெட்டும் தூரத்தில், பெரியவர் ஒருவர் உறுதியாக நிற்பது நலம். பெரியவரின் ஓர் எட்டு, சிறுவருக்கு எட்டாத பள்ளம் என்பதையும் மறத்தலாகாது.

“கீழே தண்ணீர்தானே, விழுந்தால் என்ன?” என்று கேட்பவர் உண்டு. 5 மீட்டர் உயரத்திலிருந்து விழுபவர் ஏறத்தாழ ஒரே விநாடியில் கீழே வந்துவிடுகிறார். அப்போது அவரது வேகம் மணிக்கு 36 கிலோமீட்டர் அளவில் இருக்கும். நீருக்கடியில் பாறை கிடப்பது மேலிருந்து தெரிவதில்லை. அருவியின் அடியில் வெண்ணுரை பொங்கும் குழியோ இன்னும் கொடியது. நுரையில் காற்று கலந்திருப்பதால் அந்நீர் மனிதரைத் தாங்கும் ஆற்றல் குறைந்தது. நீந்தத் தெரிந்தவரும் அதில் அமிழ்வர்.

மற்றொரு பகை கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து வருகின்றது. மலாய் மக்கள் இதனைக் ‘கெப்பாலா ஆயர்’ என்பர். நாம் இருக்குமிடத்தில் வெயில் காயும்; மலையுச்சியில் கனமழை கொட்டும். செங்குத்தான மலையாதலால் அந்நீர் ஓடைகளின் வழியே விரைந்து ஒன்றுகூடி, மரக்கட்டைகளையும் சேற்றையும் உருட்டிக்கொண்டு திடீரெனப் பாயும். ஒரு கன மீட்டர் நீரின் எடை 1000 கிலோகிராம். நீரோட்டத்தின் வேகம் இருமடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். மேற்குக் கரையில் ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடிமழை மிகுதியாதலால், அக்காலத்தில் நண்பகலுக்குள் ஆற்றை விட்டு வருவதே நன்று.

தெளிந்த நீர் திடீரெனக் கலங்குவதும், சருகும் குச்சியும் மிதந்து வருவதும், மேலிருந்து இரைச்சல் கேட்பதும் அதன் அறிகுறிகள். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் உடனே கரையின் மேட்டுக்கு ஏற வேண்டும். ஆற்றின் நடுவே உள்ள பாறை எவ்வளவு உயரமாயினும் அதில் தங்கலாகாது. நீர் சூழ்ந்துவிட்டால் கரைக்கு வழியிராது. பாய், சட்டி, சப்பாத்து ஆகியவை கரையிலேயே கிடக்கட்டும்.