ஒரு குழந்தைக்கு எத்தனை அடி?

வேலைக்குச் செல்லும் தாய்மார்களின் குழந்தைகளைப் பகல் முழுவதும் வைத்துப் பராமரிக்கும் காப்பகங்களைப் பற்றி நம் தேசத்தில் பேச்செழும்போதெல்லாம், எத்தனை காப்பகங்கள் திறக்கப்பட்டன என்ற கணக்கே முன்வந்து நிற்கிறது. அக்காப்பகங்களுக்குள் ஒரு குழந்தைக்கு எவ்வளவு இடம் கிடைக்கிறது என்று கேட்போர் மிகச் சிலர். அற்ப விஷயமென்று ஒதுக்கப்படும் இக்கேள்வி உண்மையில் உயிரைப் பற்றிய கேள்வி என்பதே நமது அபிப்பிராயம்.

சுதந்திரம் பெற்ற மறு வருஷமே, 1948-ல், நமது சட்டசபை தொழிற்சாலைச் சட்டத்தை நிறைவேற்றிற்று. ஐம்பதுக்கு மேற்பட்ட ஸ்திரீகள் வேலை செய்யும் ஒவ்வொரு தொழிற்சாலையும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தனி அறை அமைக்க வேண்டுமென்று அது விதித்தது. 1976-ல் அந்த எண்ணிக்கை முப்பதுக்கு மேல் என்று குறைக்கப்பட்டது. சட்டத்தை ஒட்டிப் பல ராஜ்யங்கள் இயற்றிய விதிகளில், குழந்தை ஒன்றுக்கு 20 சதுர அடித் தரையும், 12 அடி உயரமுள்ள அறையும், நாளொன்றுக்கு அரைப் பைண்டு சுத்தமான பாலும், நிழலுடன் கூடிய வேலியிட்ட விளையாட்டிடமும் வேண்டுமென்று எழுதப்பட்டன. தூசியும் துர்நாற்றமும் பேரிரைச்சலும் எழும் பகுதிகளுக்கு அருகில் காப்பகம் இருக்கலாகாதென்றும் கூறப்பட்டது. ஏழ்மையும் உணவுப் பஞ்சமும் சூழ்ந்திருந்த காலத்தில் நம் முன்னோர் வகுத்த அளவு இது.

பின்னர் நடந்ததென்ன? சர்க்கார் உதவியுடன் ஏழைக் குழந்தைகளுக்கென நடத்தப்பட்ட காப்பகத் திட்டத்தில், குழந்தைக்கு 6 முதல் 8 சதுர அடி போதுமென்று எழுதினார்கள். 2018-ல் மத்திய சர்க்கார் வெளியிட்ட குறைந்தபட்ச வழிகாட்டு நெறிகளில் அது 10 முதல் 12 சதுர அடியாயிற்று. கணக்கிட்டுப் பார்ப்போம். இருபத்தைந்து குழந்தைகளுக்குப் பழைய விதிப்படி 500 சதுர அடி வேண்டும். திட்டத்தின் சிறிய அளவுப்படி 150 சதுர அடி போதும். ஆறு சதுர அடி என்பது மூன்றடி நீளமும் இரண்டடி அகலமும் கொண்ட பாய். மூன்று வயதுக் குழந்தை அதில் படுக்கலாம், புரள முடியாது. தொட்டிலுக்கும் ஆயாவுக்கும் தண்ணீர்ப் பானைக்கும் இடம் எங்கே? வறிய குழந்தைக்குக் குறுகிய அளவு என்பது எந்த நியாயத்தில் சேர்ந்தது?

இடம் என்பது வசதிக்காக மட்டும் அன்று. நெருக்கிப் படுக்க வைக்கப்பட்ட குழந்தைகளிடையே ஒன்றுக்குக் கண்ட தட்டம்மை அடுத்தடுத்துப் பரவும். அழும் குழந்தை உறங்கும் குழந்தையை எழுப்பும். தரையில் கால் வைக்க வழியில்லாத ஆயா எந்தக் குழந்தையையும் உரிய நேரத்தில் எட்ட முடியாது. தீ ஏற்பட்டால் என்ன ஆகும் என்பதை நாம் கற்பனை செய்ய வேண்டியதில்லை. 2004 ஜூலை 16-ந் தேதி கும்பகோணத்தில், கூரை வேய்ந்த மாடியில் நெருக்கமாக அமர்த்தப்பட்டிருந்த 94 குழந்தைகள் மாண்டனர். அது பள்ளிக்கூடந்தான், காப்பகமன்று. ஆயினும் நடக்கத் தெரிந்த குழந்தைகளுக்கே வெளியேற வழியில்லாமற் போயிற்றென்றால், தவழும் குழந்தைகளின் கதி என்னவென்று சொல்லவும் வேண்டுமோ?

2025 நவம்பர் 21-ந் தேதி அமுலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புக்கள் பழைய சட்டத்தின் இடத்தைப் பெற்றிருக்கின்றன. ஸ்திரீகளை மட்டும் எண்ணாமல், ஐம்பதுக்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள ஸ்தாபனத்தில் காப்பகம் என்று அது கூறுகிறது. இதை நாம் வரவேற்கிறோம். குழந்தை தந்தைக்கும் உரியதல்லவா? மேலும், பெண்களின் தொகை முப்பதைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளும்படி முதலாளிக்கு ஆசை காட்டிய குறையும் இதனால் நீங்குகிறது. ஆனால் நாற்பது பெண்கள் மட்டுமே வேலை செய்யும் சிறு ஆலை, முன்பு கடமைப்பட்டிருந்தது, இப்போது தப்பித்துக்கொள்கிறது. இந்த ஓட்டையை ராஜ்ய சர்க்கார்கள் அடைத்தாக வேண்டும்.

அளவை உயர்த்தினால் காப்பகங்கள் மூடப்படும், குழந்தைகள் தெருவில் நிற்கும் என்று ஆட்சேபிப்போர் உண்டு. இதை நாம் அலட்சியம் செய்யவில்லை. காப்பகம் இல்லாத வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொள்ள அக்காளின் படிப்பு நின்றுபோவதை யாவரும் அறிவோம். ஆனால் இதற்குப் பரிகாரம் அளவைக் குறைப்பதன்று, இடத்தைக் கொடுப்பதே. வாடகை கொடுக்க இயலாத சிறு ஸ்தாபனங்கள் பல சேர்ந்து ஒரே காப்பகம் நடத்தலாம். நகரசபைகளும் பஞ்சாயத்துக்களும் கட்டடம் தரலாம். குறைபாடுள்ள காப்பகத்துக்குத் தவணை கொடுத்துத் திருத்த வேண்டுமேயன்றி, குழந்தைகளை ஒரே நாளில் வெளியேற்றுவது தகாது.

அனுமதிச் சீட்டு வழங்கும் அதிகாரிகள் சமையலறையையும் சாமான் அறையையும் கழித்துவிட்டுத் தரையை அளக்க வேண்டும். அத்தரையின் அளவும், சேர்க்கக்கூடிய குழந்தைகளின் தொகையும், அன்று வந்துள்ள குழந்தைகளின் தொகையும் வாயிற் பலகையில் எழுதப்பட வேண்டும். அதிகாரி வருஷத்துக்கொரு முறை வருவார். தாய் தினந்தோறும் வருகிறாள். 2017-ல் ஏற்பட்ட திருத்தம் அவளுக்கு நாளில் நான்கு முறை குழந்தையைப் பார்க்கும் உரிமை அளித்தது. புதிய சட்டமும் அதைக் காப்பாற்றியிருக்கிறது. பார்க்க வரும் தாய்க்குப் படிக்க ஒரு பலகையேனும் இருக்கட்டும்.

தொழிற்சங்கத் தோழர்களுக்கும் ஊர்த்தொண்டர்களுக்கும் நாம் ஒன்று சொல்லுவோம். கூலிக்காகவும் போனஸுக்காகவும் போராடும் நீங்கள், ஒரு நாள் அளவுநாடாவுடன் உங்கள் ஆலையின் காப்பகத்துக்குள் நுழைந்து பாருங்கள். தனக்கு இடம் போதவில்லை என்று குழந்தை மனுக் கொடுக்காது. அதற்காகக் கேட்க வேண்டியவர்கள் நாமே.