உஷார்! தாத்தாவின் டிரங்குப் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்

ஜவ்வாது மலையைச் சுற்றியுள்ள வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களின் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் இருப்பவர்களுக்கு அவசரமாக ஒன்று சொல்ல வேண்டும். மேல்மொணவூர் முகாமில் நடந்ததுபோல பழைய கொட்டகையை விட்டுப் புது வீட்டுக்குக் குடிபோகிறவர்களே, பழைய காகிதங்களைக் குப்பையில் கொட்டிவிடாதீர்கள்!

காரணம் இதுதான்: இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன நம் ஆட்கள் அன்று பிரிட்டிஷ் பிரஜைகள். 1948இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை ஏற்பதாக இந்தியா வாக்குக் கொடுத்தது. ஆனால் 1984இல் அவர்களை ஏற்றிவந்த ராமேஸ்வரம்–தலைமன்னார் கப்பல் நின்றுபோனது. இந்தியக் குடியுரிமைக்கு மனுப்போட்டுக் காத்திருந்த குடும்பங்கள்கூடப் பின்னால் உயிருக்குப் பயந்து படகேறி வந்தன. இங்கே அகதி என்று பதிவானார்கள். அந்த மனுவின் நகல், பழைய பாஸ்போர்ட், தோட்டத்துப் பிறப்புச் சான்று எதுவானாலும் பத்திரம்! 2019இல் மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் இப்படிப்பட்ட 65 பேரின் வழக்கு வந்தபோது, இந்திய வம்சாவளித் தமிழர் என்பதே அவர்களுடைய வாதத்தின் அடிப்படையாக இருந்தது.

அடுத்தது பிறந்த தேதி. 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாரானாலும், பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். அன்றோ அதற்குப் பிறகோ பிறந்திருந்தால் தாய் தந்தையரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் விதி இன்னும் இறுகிவிட்டது: ஒருவர் இந்தியராக இருந்தாலும், மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த பெண் ஒருவர் உயர் நீதிமன்றம் போய்த்தான் பாஸ்போர்ட் வாங்கினார்; 2024இல் முதல் ஓட்டுப் போட்டார். அவருக்குக் கைகொடுத்தது பிறப்புச் சான்றிதழ்தான். முகாமில் இன்னும் எத்தனை பேர், தாங்கள் இந்தியர் என்றே தெரியாமல் அகதிப் பதிவில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்களோ! நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது.

2025 செப்டம்பரில் மத்திய அரசு, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவுசெய்த இலங்கைத் தமிழருக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது. அதைக் காட்டி “குடியுரிமை வந்தாச்சு, பணம் கொடு” என்று எவனாவது வந்தால் துரத்துங்கள். அது குடியுரிமை அல்ல. ஆதார் அட்டையும் குடியுரிமை அல்ல. புரோக்கர் பேச்சைக் கேட்டு, முகாம் விவரத்தை மறைத்துப் பாஸ்போர்ட் விண்ணப்பம் போட்டால் அதுவே குற்ற வழக்காகிவிடும். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச ஆலோசனை கிடைக்கும். காகிதங்களை நகலெடுத்துக்கொண்டு முதலில் அங்கே போங்கள்.