மருந்து தெளிக்கும் ஆட்களின் பாதுகாப்பு

பூச்சிமருந்து வாய்வழியே சென்றால்தான் கெடுதி என்று குடியானவர்களிற் பலர் எண்ணுகின்றனர். பாஸ்பரஸ் சேர்ந்த மருந்துகள் தோலின் வழியாகவும் உடலிற் புகும்; முன்கையைக்காட்டிலும் தொடையிடுக்கில் வெகு துரிதமாக ஏறும். ஆகையால் முதுகிற் சுமக்கும் தெளிப்பான் ஒழுகி வேட்டி நனையுமாயின், வேலையை உடனே நிறுத்தி, துணியைக் களைந்து, சோப்பிட்டுக் குளித்தல் அவசியம். தெளிப்பானின் மூக்கு அடைத்துக்கொண்டால் வாயை வைத்து ஊதுவோரும் உளர். ஈர்க்குச்சி இருக்க இது எதற்கோ! 1971-ம் வருஷத்து விதிகளின்படி டப்பாவில் அச்சிடும் முத்திரையில், கீழ் முக்கோணம் சிவப்பாயின் விஷம் மிகக் கொடியது, மஞ்சள் அதற்கடுத்தது. வியர்வையும் உமிழ்நீரும் பெருகிக் கண்மணி சுருங்கக் கண்டால், ஆளையும் டப்பாவையும் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்க. இவ்விஷத்திற்கு டாக்டர் போடும் மாற்று மருந்து அட்ரோபின் ஊசியாகும். வேட்டி நனைந்ததைக் கூலி குறையுமென்று அஞ்சி ஆட்கள் சொல்லாதிருப்பதுண்டு. குளிக்கும் நேரத்திற்கும் கூலியுண்டென நிலக்காரர் காலையிலேயே சொல்லிவிட வேண்டும்.