எலும்பு பொருத்தும் கைகள்

மலைநாட்டில் மழை பெய்தால் தேயிலை துளிர்க்கும்; கூடவே சிலருடைய எலும்புகளும் முறியும். கண்டியில் வாழ்கின்றவர்களுக்கு இதனை நான் விளக்க வேண்டியதில்லை. பாசி படிந்த படிக்கட்டு, கொழுந்துக் கூடையுடன் இறங்க வேண்டிய சரிவு, மிளகுக்கொடி படர்ந்த மரம், கள் இறக்குவதற்காகக் கித்துள் மரத்தில் சார்த்திய ஏணி, வளைந்து வளைந்து செல்லும் மலைவீதி ஆகிய இவையெல்லாம் எங்கள் ஊரின் அழகுகள். இவையே எங்கள் ஊரின் ஆபத்துகளும் ஆகும். 2025ஆம் ஆண்டு மே மாதம் 11ஆந் திகதி கொத்மலைக்கு அருகே கெரண்டி எல்லவில் பஸ் வண்டியொன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மாண்டோரின் தொகை பத்திரிகைகளில் வந்தது. தப்பிப் பிழைத்தவர்களுக்கோ அதன் பின்னர்தான் வைத்தியசாலை வாழ்வு தொடங்கிற்று.

அவர்களைப் போன்றோரின் கைகால்களைச் சீர்செய்ய நாளைக்கு யார் வரப்போகிறார்கள்? இந்தக் கேள்வி என் வீட்டுக் கூடத்திலேயே ஒருநாள் எழுமென்று நான் எதிர்பார்க்கவில்லை.

என் தங்கையின் மகள் பேராதனையில் மருத்துவம் படித்தவள். ஓராண்டு உள்ளகப் பயிற்சியை முடித்துக்கொண்டு மலையகத்து வைத்தியசாலையொன்றில் வைத்திய அதிகாரியாகக் கடமை புரிகிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்தவள் தேநீர் அருந்திக்கொண்டே, “மாமா, எம்.டி. சத்திரசிகிச்சைத் தெரிவுப் பரீட்சைக்கு விண்ணப்பம் அனுப்பப் போகிறேன். பிறகு எலும்புத் துறைக்குப் போக வேண்டும் என்பது என் எண்ணம்” என்றாள்.

தங்கை கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். என் மனைவி என்னைப் பார்த்தாள். வீட்டுக்கு மூத்தவன் என்ற முறையில் நான்தான் பேசினேன்.

“சுத்தியலும் வாளும் பிடிக்கிற வேலையம்மா அது. ஆண்பிள்ளைகளே களைத்துப் போகிறார்கள். குழந்தை வைத்தியம், தோல் வைத்தியம் என்று எத்தனையோ துறைகள் இருக்கையில் உனக்கு ஏன் இந்தப் பாடு?”

அவள் மறுமொழி கூறவில்லை. கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, “வருகிறேன் மாமா” என்று விடைபெற்றுப் போனாள். அந்தக் கோப்பை கவிழ்ந்திருந்த விதம் இரவு முழுவதும் என் நினைவை விட்டு அகலவில்லை. நான் சொன்னதில் எவ்வளவு உண்மை? எவ்வளவு பழக்கம்? இதனை ஆராயப் புகுந்தபோது அறிந்தவற்றையே வாசகர்கள் முன் வைக்கிறேன்.

எலும்பு பொருத்தும் கலையின் வாசலுக்குள் யார் நுழையலாம் என்பது காலந்தோறும் மாறி வந்திருக்கிறது. பண்டைக் காலத்தில் அந்த உரிமை பிறப்பினால் வந்தது. சிங்கள மக்களிடையே ‘கெடும் பிந்தும்’ வைத்தியமும், நம்மவரிடையே முறிவு நெரிவு வைத்தியமும் பரம்பரைச் சொத்தாகத் தகப்பனிடமிருந்து மகனுக்குச் சென்றன. எண்ணெயின் பக்குவமும், கட்டின் இறுக்கமும், விரல்நுனியால் முறிவைத் தடவி அறியும் நுட்பமும் வீட்டு வாசற்படியைத் தாண்டுவது அரிது.

மேல்நாட்டிலும் இந்தக் கதையே நடந்தது. இங்கிலாந்தின் லிவர்ப்பூல் நகரில் வாழ்ந்த ஹியூ ஓவன் தோமஸ் என்பார் வேல்ஸ் நாட்டு எலும்பு வைத்தியப் பரம்பரையில் 1834இல் பிறந்தவர். பட்டம் பெறாத குற்றத்திற்காகத் தந்தை பட்ட அவமானங்களைக் கண்டு வளர்ந்த மகன், முறைப்படி மருத்துவம் கற்றுத் தேறினார். தொடை எலும்பு முறிந்தால் அதனை அசையாமல் இழுத்துப் பிடித்துவைக்க இரும்பு வளையமும் கம்பிகளும் கொண்ட சட்டமொன்றை அவர் அமைத்தார். அவர் காலத்தில் அதனை மதித்தவர் சிலரே. அவருடைய மருமகன் முறையினரான றொபேட் ஜோன்ஸ் முதலாம் உலகப் போரின்போது அந்தச் சட்டத்தைப் போர்முனைக்குக் கொண்டுசென்றார். அதுவரை தொடை எலும்பு சிதறிய வீரர்களுள் நூற்றுக்கு எண்பது பேர் வரை மாண்டனர். சட்டம் பரவலாகப் பயன்படத் தொடங்கியபின் அத்தொகை இருபதுக்கும் கீழே இறங்கிற்று. ஒரு குடும்பத்தின் கைமரபு கல்லூரி வழியே உலகத்தின் சொத்தாயிற்று.

பிறப்பிற்குப் பின்னர் வாசலைக் காத்தது பணமும் கப்பலும். இலங்கையிலே சத்திரசிகிச்சை நிபுணராக விரும்பியவர் இங்கிலாந்துக்குச் சென்று எப்.ஆர்.சி.எஸ். பட்டம் பெற்று வரவேண்டியிருந்த காலம் ஒன்று உண்டு. கொழும்பு மருத்துவக் கல்லூரி 1870இலே தோன்றியபோதிலும், நிபுணர்களை இந்நாடே முறையாக உருவாக்கத் தொடங்கியது ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரே. 1962இல் பேராதனையில் இரண்டாவது மருத்துவ பீடம் எழுந்தது. 1980இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து மருத்துவப் பட்டப்பின்படிப்பு நிறுவனம் அமைந்தது. கண்டியில் படித்த பிள்ளை இந்நாட்டிலேயே பரீட்சை எழுதி இந்நாட்டிலேயே நிபுணராகும் வழி அப்பொழுது திறந்தது.

அந்த வழி நீண்டது. முதலில் பல்கலைக்கழக அனுமதி. நூற்றுக்கு 40 இடங்கள் நாடு முழுவதற்குமான திறமை வரிசைப்படியும், 55 இடங்கள் மாவட்ட அடிப்படையிலும், 5 இடங்கள் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. நுவரெலியாவின் தோட்டத்துப் பிள்ளைக்கு இந்த ஏற்பாடு பெருந்துணை. ஆனால், மாவட்டம் கைகொடுப்பது அந்த முதல் வாயிலில் மட்டுமே. ஐந்தாண்டுப் படிப்பின் இறுதிப் பரீட்சையில் பெற்ற நிலையே உள்ளகப் பயிற்சிக்கு எந்த வைத்தியசாலையைத் தெரிவு செய்யலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. பின்னர் தெரிவுப் பரீட்சை. அதில் முன்னணியில் நிற்போருக்கே இடம். அதன்பின் பொதுச் சத்திரசிகிச்சையில் ஆண்டுக்கணக்கான பயிற்சி. அதன் முடிவில் எம்.டி. பரீட்சை. அங்கே தேறியவர்கள் வரிசைப்படி வந்து எலும்பு, மூளை, சிறுநீர்த்தொகுதி என்று தம் துறையைத் தெரிந்துகொள்கிறார்கள். அதற்கும் மேலே சிரேஷ்ட பயிற்சி. வழமையாக வெளிநாட்டு வைத்தியசாலையொன்றில் பயிலும் காலமும் அதில் அடங்கும். எம்.பி.பி.எஸ். முடித்த பெண் நிபுணரென்ற பெயரைப் பெறும்போது பத்தாண்டளவு கடந்திருக்கும்.

அமெரிக்காவில் நடைமுறை வேறு. அங்கே 1952ஆம் ஆண்டு முதல் ஒரு பொருத்தம் பார்க்கும் ஏற்பாடு இருந்து வருகிறது. மாணவர்கள் தாம் விரும்பும் வைத்தியசாலைகளை வரிசையாக எழுதுகிறார்கள். வைத்தியசாலைகளும் தாம் நேர்முகம் கண்ட மாணவர்களை வரிசையாக எழுதுகின்றன. இருபுறத்து விருப்பங்களையும் கணினி பொருத்தி, மார்ச் மாதத்தில் முடிவைச் சொல்கிறது. இத்தகைய பொருத்தம் குலையாமல் நிற்பது எவ்வாறு என்று 1962இல் கேல், ஷாப்லி என்ற இரு கணித அறிஞர்கள் ஆராய்ந்தபோது திருமணத்தையே உதாரணமாக எடுத்துக்கொண்டனர். அவ்வழி ஆய்வுக்காக ஷாப்லியும் றொத் என்பாரும் 2012இல் பொருளியலுக்கான நொபெல் பரிசு பெற்றனர். சாதகப் பொருத்தம் பார்த்துப் பழகிய நமக்கு இது புதுமையாகத் தோன்றாது. அங்கே எலும்புத் துறைப் பயிற்சி ஐந்தாண்டு; இடங்களுக்குக் கடும் போட்டி.

இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். நேர்முகத்தில் மாணவரின் ஆர்வமும் பண்பும் தெரியக்கூடும். கூடவே முகமும் தெரியும், பாலும் தெரியும், பரிந்துரைத்தவரின் பெயரும் தெரியும். நமது தெரிவுப் பரீட்சையின் பட்டியலுக்குக் கண் இல்லை. கைந்நுட்பத்தை அது காணாது என்பது அதன் குறை. விண்ணப்பித்தவர் ஆணா பெண்ணா, மாளிகையில் பிறந்தவரா லயத்துக் காம்பராவில் பிறந்தவரா என்பதையும் அது காணாது என்பது அதன் பெருமை.

அப்படியாயின், மருத்துவ பீடங்களில் பாதிக்கு மேற்பட்டோர் பெண்களாக இருந்தும் எலும்புத் துறையில் அவர்கள் மிகச் சிலராக இருப்பது ஏன்? பட்டியல் அவர்களைத் தடுக்கவில்லை. பட்டியலை எட்டுமுன்னரே யாரோ தடுத்துவிடுகிறார்கள். அமெரிக்காவிலும் இத்துறை நிபுணர்களுள் பெண்கள் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவே. ரூத் ஜாக்சன் என்ற பெண்மணி அந்நாட்டு எலும்புச் சத்திரசிகிச்சையாளர் கழகத்தின் முதற் பெண் உறுப்பினரானது 1937இல். அதற்குப்பின் இத்தனை ஆண்டுகள் கழிந்தும் நிலைமை இவ்வளவே மாறியிருக்கிறது என்றால், தடை உடலில் இல்லை, உரையாடலில் இருக்கிறது என்றே எனக்குப் படுகிறது. கட்டுகஸ்தோட்டைத் தேநீர் மேசையில் நான் நிகழ்த்தியதும் அத்தகைய உரையாடலே அன்றோ?

பலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இத்துறையின் ஆங்கிலப் பெயரை 1741இல் சூட்டிய பிரெஞ்சு மருத்துவர் நிக்கொலா அந்திரி, ‘நேர்’ என்றும் ‘குழந்தை’ என்றும் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்தார். வளைந்த இளமரத்தைக் கம்பத்தோடு கட்டி நிமிர்த்துவது போலக் குழந்தையின் அங்கத்தை நிமிர்த்துவதே அவர் கண்ட பொருள். உட்புறம் திருகிய பாதத்துடன் பிறக்கும் குழந்தைக்கு இக்காலத்தில் உலகெங்கும் கைக்கொள்ளப்படும் முறை, அமெரிக்காவின் அயோவாவில் பணிபுரிந்த இக்னாசியோ பொன்செட்டி வகுத்தது. வாரந்தோறும் பாதத்தை விரல்களால் மெல்ல மெல்லத் திருப்பிப் பிளாஸ்டர் கட்டுகிறார்கள். ஐந்தாறு கட்டுகளில் பாதம் பெரும்பாலும் நேராகிறது. குதிநாணில் சிறு கீறல் ஒன்று தேவைப்படலாம். பின்னர் சில ஆண்டுகள் இரவில் தனிச் சப்பாத்து. அவசரமும் பலமும் அங்கே தீமையே செய்யும். பெரியவர்களின் இடுப்பிலும் தொடையிலும் பலம் வேண்டியிருப்பது உண்மை. ஆனால் அங்கும் உதவியாளரும், இழுவை மேசையும், மின்துளைகருவியும் உண்டு. மேசையின் உயரத்தைச் சரிசெய்துகொண்டு, நெம்பும் திசை அறிந்து நெம்புகிறவருக்கு வேலை இலகுவாகும்.

இவ்வளவும் ஏட்டறிவு. என் மனத்தை மாற்றியது வேறொன்று.

சில வாரங்களின் பின் என் தாயார் முற்றத்தில் வழுக்கி வீழ்ந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். முதிய பெண்களுக்கு எலும்பு மெலிந்துவிடுவதால் சிறு வீழ்ச்சியே போதும். நெடுங்காலம் படுக்கையில் கிடந்தால் படுக்கைப்புண்ணும் நிமோனியாவும் வந்து உயிருக்கே உலை வைக்குமாதலால், இயன்றவரை விரைவிலே சத்திரசிகிச்சை செய்வது நல்லதென்றார்கள். செய்தார்கள், நன்றாகவே செய்தார்கள்.

அம்மாவுக்கு அடுத்த கட்டிலில் தோட்டத்துப் பாட்டி ஒருத்தி இருந்தாள். கொழுந்து மலையில் ஆயுளைக் கழித்தவள். அவளுக்கும் இடுப்பில்தான் முறிவு. பார்வையிட வந்த இளம் வைத்தியர் பொறுமை மிக்கவர். கொச்சைத் தமிழில் கனிவாகவே கேட்டார். பாட்டியோ சேலைத்தலைப்பை இடுப்போடு இறுகப் பிடித்துக்கொண்டு, “வேணாஞ் சாமி, வலி இல்லே” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். வலியினால் அவள் உதடு நடுங்கியது எல்லோருக்கும் தெரிந்தது. வைத்தியர் தாதியை அழைத்துவரச் சென்றார்.

அம்மம்மாவைப் பார்க்க வந்திருந்த என் மருமகள் கட்டிலருகே சென்று குனிந்தாள். “பாட்டி, நானும் டொக்டர்தான். அவங்க பார்க்கிறப்போ நான் உங்க பக்கத்திலேயே நிக்கிறேன். சேலையை நான் பிடிச்சுக்கிறேன், சரியா?” என்றாள். கிழவி அவளுடைய முகத்தைச் சிறிது நேரம் பார்த்தாள். பிறகு பிடி தளர்ந்தது. தாதியுடன் திரும்பிய வைத்தியர் மருமகளுக்குத் தலையசைத்துவிட்டு, திரையை இழுத்துக்கொண்டு தம் கடமையைச் செய்தார்.

நான் வெளியே வந்து நடையில் நின்றேன். எத்தனை பாட்டிமார் இப்படி ‘வலி இல்லை’ என்று பொய் சொல்லிக்கொண்டு கிடக்கிறார்களோ என்று எண்ணினேன். அந்தப் பொய்யை அவிழ்க்கக்கூடிய கையொன்றை என் வீட்டு மேசையிலேயே நான் தட்டிவிடப் பார்த்தேனே!

அன்று மாலை பேராதனை வீதியில் பஸ்ஸுக்கு நிற்கையில் அவளிடம் கேட்டேன்: “விண்ணப்பம் அனுப்பிவிட்டாயா, அம்மா?”

“இன்னும் நான்கு நாள் இருக்கிறது மாமா.”

“நாளைக்கே அனுப்பு. அன்று நான் சொன்னதை மறந்துவிடு.”

அவள் சிரித்தாள். “மறக்க மாட்டேன் மாமா. நிபுணரான பிறகு உங்களுக்கு முழங்கால் வலி வரும் அல்லவா, அப்பொழுது ஞாபகப்படுத்துவேன்” என்றாள்.

அவள் தேறுவாளா என்பதைப் பட்டியல் சொல்லும். இடங்கள் சில; எழுதுவோர் பலர். தேறினாலும், 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் கடல் கடந்த வைத்தியர்களைப் போல அவளும் போய்விடாமல் இந்த மலைக்கே திரும்புவாளா என்பதை அவளுடைய மனமும் நாட்டின் நிலையும் சொல்லும். அவை என் கையில் இல்லை. என் கையில் இருந்தது ஒன்றே: வாசலுக்குக் குறுக்கே நீட்டியிருந்த என் காலை மடக்கிக்கொள்வது. அதனைச் செய்துவிட்டேன். பெண்பிள்ளைகளைப் பெற்ற பிற வீடுகளிலும் இத்தகைய கால்கள் நீண்டிருக்கக்கூடும், உரியவர்கள் பார்த்துக்கொள்வார்களாக.